வடைக்கு ஓட்டை, குதிரைக்கும் ஓட்டை

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் பஸ் மாறுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு டீயும் மெதுவடையும் ஆகாமல் அடுத்த பஸ் ஏறுவதில்லை. அந்த வடையை வாயில் வைக்கும் முன் ஒரு கணம் பாருங்கள். நடுவில் எதற்கு ஓட்டை? கடை மாஸ்டரைக் கேட்டால், "ஓட்டை போடலைன்னா மேல செவந்துடும், உள்ள மாவா நிக்கும்" என்பார். சூடு வெளியிலிருந்து உள்ளே போக நேரம் பிடிக்கும். தடிமன் கூடக் கூட நேரமும் கூடும். நடுவை எடுத்துவிட்டால் மாவுக்கு உள்பக்கமும் ஒரு வெளிப்பக்கம் ஆகிவிடுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

இனி எந்த ஊர் எல்லையிலாவது அய்யனார் கோயில் மண்குதிரையைப் பார்த்தால் வயிற்றுக்கு அடியில், பின்புறத்தில், மார்பில் எங்கேயாவது ஒரு வட்டத் துளை இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும். வடைக்குச் சொன்ன காரணம்தான் அதற்கும். இந்தக் கட்டுரை அந்தத் துளையைப் பற்றியது. கூடவே, அந்தக் குதிரை ஏன் நம்மைப் பார்த்துக் கண்ணை உருட்டுகிறது, அந்தக் கோபம் மண்ணுக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைப் பற்றியும்.

முதலில் கோபத்தை எடுத்துக்கொள்வோம். மனிதர்களின் குணத்தைச் சொல்ல நமக்கு எப்போதும் மிருகம் தேவைப்படுகிறது. மாடாய் உழைக்கிறான், நாயாய் அலைகிறேன், பூனை மாதிரி வந்து நின்றாள், எருமை மேல் மழை பெய்த மாதிரி இருக்கிறான். ஆளை நேரே சொன்னால் சண்டை வரும். மிருகத்தின் மேல் ஏற்றிச் சொன்னால் கேட்கிறவருக்கே சிரிப்பு வரும், உறைக்கவும் செய்யும். மிளகை அப்படியே மெல்லச் சொன்னால் யார் மெல்லுவார்கள்? பொங்கலில் போட்டால் உள்ளே போய்விடுகிறது.

இதற்கு மிருகம்கூட வேண்டாம் என்று 1944இல் இரண்டு உளவியலாளர்கள் காட்டினார்கள். ஃபிரிட்ஸ் ஹைடரும் மேரியான் சிம்மலும் ஒரு குட்டிப் படம் எடுத்தார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவு வைத்த ஒரு கட்டம். மூன்றும் அங்குமிங்கும் நகரும். படத்தைப் பார்த்து எழுதிய 34 பேரில் ஒருவர் மட்டும்தான் "முக்கோணம் இப்படி நகர்ந்தது" என்று எழுதினார். மற்ற 33 பேரும் உயிருள்ளவர்கள் செய்கிற காரியமாகவே எழுதிவிட்டார்கள். முக்கோணத்துக்கே கோபம் வருகிறதென்றால், காதும் கழுத்தும் வாலும் உள்ள குதிரைக்கு வராதா?

அதற்கும் முன்னால், 1872இல், டார்வின் தன் புத்தகம் ஒன்றில் ஒரே நாயை இரண்டு நிலைகளில் படமாகப் போட்டிருந்தார். ஒன்றில் கடிக்க வரும் நாய்: கால் விறைத்து, தலை நிமிர்ந்து, வால் தூக்கி. இன்னொன்றில் எஜமானனைப் பார்த்துக் குழையும் நாய்: முதுகு வளைந்து, உடம்பு தாழ்ந்து, காது பின்னால் சாய்ந்து. கோபத்தின் ஒவ்வொரு கோட்டையும் தலைகீழாக்கினால் குழைவு வந்துவிடுகிறது. மண்ணில் மிருகம் செய்கிறவருக்கு இதைவிட நல்ல சமையல் குறிப்பு கிடைக்காது. முகத்துக்கு முன் முதுகெலும்பைப் பார். முதுகு சொல்லிவிட்டால் முகம் தலையாட்டினால் போதும்.

நம் பக்கத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கல்தான், மண் இல்லை. ஆனாலும் பன்றி முகத்தோடு இடுப்பில் கை ஊன்றி, உடல் ஒரு திசை பார்க்க முகம் வேறு திசைக்குத் திரும்பி நிற்கும் அந்த நிலையை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். ஒரு வேலையை முடித்துவிட்டு "இன்னும் யாராவது உண்டா?" என்று கேட்கிற தோரணை. அதைச் சொல்வது கழுத்தின் திருப்பம்.

இனி அடுப்படிக்குப் போவோம்.

மண்ணை முதலில் மாவாக்க வேண்டும். ஏரியில் எடுத்த வண்டலைக் கல், வேர் நீக்கி ஊறப்போட்டு மிதிப்பார்கள். வெறும் களிமண் ரொம்பப் பிசுபிசுப்பு. காயும்போது எக்கச்சக்கமாகச் சுருங்கி வெடித்துவிடும், வேனிலில் வீராணத்து ஏரித்தரை பாளம் பாளமாகப் பிளந்து கிடப்பதைப்போல. அதனால் மணல் சேர்ப்பார்கள், உமியும் சேர்ப்பார்கள். கடலை மாவில் கொஞ்சம் அரிசி மாவு கலப்பது எதற்கு? பதம் மாறுவதற்குத்தான். மணல் சுருங்காது. அது நடுநடுவே நின்று களிமண்ணின் இழுப்பைத் தடுக்கும். உமி வேறு வேலை செய்கிறது. சூளையில் அது எரிந்து போய்விடும். போன இடத்தில் பொடிப்பொடியாக ஓட்டைகள் நிற்கும், ஆப்பத்தின் நடுப்பகுதிபோல. பெரிய குதிரையின் கனத்தை அது குறைக்கிறது, ஆவிக்கு வழியும் விடுகிறது.

பிசைந்த மண்ணை உடனே எடுக்கக் கூடாது, ஊறவிட வேண்டும். சப்பாத்தி மாவைப் பிசைந்த கையோடு தேய்த்தால் என்ன ஆகும்? தேய்க்கத் தேய்க்கப் பழையபடி சுருங்கி வரும். ஊறினால்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். மண்ணுக்கும் அந்தக் குணம் உண்டு. நேராகச் செய்த கழுத்தைப் பிறகு வலுக்கட்டாயமாகத் திருப்பினால், அப்போதைக்குத் திரும்பி நிற்கும். காயும்போதும் சூளையிலும் மெல்ல மெல்லப் பழைய பக்கமே சாயப் பார்க்கும். மண்ணுக்கு ஞாபகம் உண்டு என்று வேலை தெரிந்தவர்கள் சொல்வது இதைத்தான். எனவே திரும்பிப் பார்க்கும் குதிரை வேண்டுமானால், முதல் உருண்டையிலிருந்தே கழுத்தைத் திரும்பியதாகவே எழுப்ப வேண்டும். கடைசி நேரத்தில் சேர்க்கிற உணர்ச்சி நிற்காது. உப்பைக் கொதிக்கும்போது போடாமல் இலையில் தூவின சாம்பார் மாதிரிதான்.

நம்மூர்க் குயவர்களான வேளார்கள் குதிரையைக் காலிலிருந்து எழுப்புகிறார்கள். நான்கு கால்களும் உள்ளீடற்ற குழாய்கள். அவை கொஞ்சம் இறுகிய பிறகே வயிறு. வயிறு இறுகிய பிறகே கழுத்து. ஈரமான காலின் மேல் ஈரமான வயிற்றை ஏற்றினால் குதிரை உட்கார்ந்துவிடும். ரொம்பக் காய்ந்த காலின் மேல் ஏற்றினாலும் ஆபத்து. கீழே சுருங்கி முடிந்துவிட்டது, மேலே இனிமேல்தான் சுருங்கப் போகிறது. நடுவில் விரிசல் விழும். நடுப்பதம் ஒன்று உண்டு. வெயிலில் போட்ட அப்பளம் முழுக்கக் காயும் முன் ஒரு கட்டத்தில் வளையும், ஆனால் ஒடியாது. அந்தப் பதம். அப்போது ஓரத்தைக் கீறி, குழைமண் தடவி அடுத்த பாகத்தை ஒட்ட வேண்டும். சோமாசியின் ஓரத்தில் தண்ணீர் தொட்டு மடித்து அழுத்துவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சரியாக ஒட்டாத சோமாசி எண்ணெயில் வாய் திறக்கும், குதிரை சூளையில்.

அமெரிக்காவில் பெத் கேவனர் என்ற சிற்பி இதே வேலையைத் தலைகீழாகச் செய்கிறார். 1972இல் பிறந்தவர், இயற்பியலும் வானியலும் படிக்கப் போய்ச் சிற்பத்துக்குத் திரும்பியவர். முயல், ஆடு, நரி, ஓநாய்தான் இவர் கையில் வருபவை. ஆனால் எல்லாமே மனிதர்கள். பயந்த மனிதர், அவமானப்பட்ட மனிதர், நெருக்கத்தைத் தேடிக்கொண்டே அதிலிருந்து தப்பவும் பார்க்கிற மனிதர். 2014இல் செய்த ஒரு சிற்பத்தில் ஒரு முயலும் ஒரு பாம்பும் அந்தரத்தில் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு தொங்குகின்றன. அணைப்பா, நெரிப்பா என்று பார்க்கிறவரால் சொல்ல முடியாது. நம்மில் எத்தனை குடும்பங்களில் சொல்ல முடிகிறது?

கேவனர் முதலில் கெட்டியாகவே செய்கிறார். இரும்புச் சட்டத்தின் மேல் நூற்றுக்கணக்கான கிலோ களிமண்ணை அப்பி, தள்ளி, அடித்து, முறுக்கி உருவத்தைக் கொண்டுவருகிறார். தன் உடம்பின் பலத்தையே அதில் இறக்குகிறார். சுவர் மட்டும் உள்ள கூட்டை அப்படி முறுக்க முடியாது, நசுங்கிவிடும். எல்லாம் முடிந்த பிறகு, அந்த மிருகத்தைத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டின் உள்ளேயும் மண்ணைச் சுரண்டி எடுத்து, மெல்லிய ஓடாக்கி, சட்டமில்லாமல் மறுபடி ஒட்டி நிமிர்த்துகிறார். பாகற்காயைக் கீறி விதையைச் சுரண்டி, மறுபடி மூடி நூலால் கட்டுகிறோமே, அதுதான். அறுத்த தடம் தெரியாமல் பூசுகிற வேலைக்கே பொறுமை வேண்டும்.

ஏன் இத்தனை பாடு? கெட்டியாகவே சுட்டால் என்ன? இங்கேதான் வடை மறுபடி வருகிறது, கூடவே பூரியும். பூரி உப்புவது உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாவதால். தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். பூரி மாவு இழுத்துக் கொடுக்கிறது, அதனால் உப்புகிறது. காய்ந்த மண் இழுத்துக் கொடுக்காது. இடம் கேட்கும் ஆவிக்கு வழி இல்லையென்றால் வெடிக்கும். மண்ணில் காற்றுக் குமிழி இருந்தால்தான் வெடிக்கும் என்று பலரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஈரம் தப்பிக்கிறது. முழுக்கக் காயாத ஒரு அங்குலத் தடிமன் போதும், சூளைக்குள் பட்டாசு கேட்கும். ஆகவே சுவர் மெல்லியதாக இருக்க வேண்டும், எங்கும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும், உள்ளே அடைபட்ட காற்றும் ஆவியும் வெளியேற ஒரு துளை வேண்டும். பிரஷர் குக்கருக்கு வெயிட் இருக்கிற இடத்தில் குதிரைக்கு வயிற்றுத் துளை. குக்கரில் வெயிட்டைப் போடுகிறோம், குதிரைக்குப் போடுவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

தீயை மெதுவாக ஏற்ற வேண்டும். முதல் கட்டத்தில் வெறும் புகைச்சல்தான். நூறு டிகிரியைத் தாண்டும்வரை இட்லிப் பானைக்குரிய பொறுமை. அதற்கு மேல், ஏறக்குறைய 450 முதல் 600 டிகிரிக்குள், மண்ணின் மூலக்கூறோடு ஒட்டியிருந்த தண்ணீரும் பிரிந்து போகிறது. இதுதான் திரும்பிவர முடியாத இடம். அதுவரை குதிரையைத் தண்ணீரில் போட்டால் மறுபடி சேறாகிவிடும். இதன் பிறகு ஆகாது. ஊறவைத்த அரிசியை மறுபடி காயவைக்கலாம். சோறானதை என்ன செய்வது? நடுவில் 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் துகள்கள் சட்டென்று கொஞ்சம் பெருக்கும், இறங்கும்போது அதே இடத்தில் சுருங்கும். சூடான கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றிய அனுபவம் இருந்தால், ஆறாத சூளையை அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது என்பது புரியும். நாட்டுச் சூளையில் வைக்கோலும் வரட்டியும் விறகும் அடுக்கி, மேலே ஓட்டுத்துண்டும் சேறும் பூசிச் சுடும்போது 700, 800 டிகிரி போல எட்டும். மிகப் பெரிய குதிரைகளை நகர்த்த முடியாது. அவற்றைச் செய்த இடத்திலேயே சுற்றி அடுக்கிச் சுடுவதும் உண்டு.

அடுப்புக்குப் பாத்திரத்தைக் கொண்டுபோகாமல் பாத்திரத்தைச் சுற்றி அடுப்புக் கட்டுகிற இந்த யோசனையைப் புதுச்சேரியில் ஒருவர் வீடு அளவுக்குக் கொண்டுபோனார். ரே மீக்கரும் டெபரா ஸ்மித்தும் 1971இல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். மீக்கர் பச்சைமண் செங்கல்லால் வீடு கட்டி, உள்ளே சுட வேண்டிய செங்கல்லையும் சாமான்களையும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தார். சமையலறையையே சமைத்த மனிதர். அதே புதுச்சேரியின் வில்லியனூரில் சுடுமண் வேலை பரம்பரையாக நடக்கிறது. அந்தக் கலைக்காக வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நிறத்துக்கு வருவோம். குதிரை சிவப்பாக வருவதற்குக் காரணம் மண்ணிலுள்ள இரும்பு. காற்றோட்டமாகச் சுட்டால் சிவக்கும், புகையை அடைத்துச் சுட்டால் கறுக்கும். இரும்பு குறைந்த மண் எவ்வளவு சுட்டாலும் வெளுப்புத்தான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் அடுக்குகளில் அப்படி வெள்ளைக் களிமண்ணும் உண்டு. 1935இல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்ததிலிருந்து இந்த ஊரின் கதையை எல்லோரும் கறுப்பிலேயே சொல்கிறோம். 1956இல் நிலக்கரி நிறுவனம் வந்தது, சுரங்கம் வந்தது, அனல்மின் நிலையம் வந்தது. மேலே கிடந்த வெள்ளையைக் கழுவிப் பிரிக்கும் ஆலையும் ஒரு காலத்தில் அங்கே ஓடியது என்பது பலருக்கு நினைவில்லை.

பளபளப்பு எப்படி வருகிறது என்பதைச் சேத்தியாத்தோப்புக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். சர்க்கரை ஆலை ஊர். பாகு முற்றி, தட்டில் ஊற்றி ஆறவைத்தால் கண்ணாடி மாதிரி இறுகும். பீங்கான் மெருகும் ஒரு வகைப் பாகுதான். சர்க்கரைக்குப் பதில் மணல். மணல் தனியாக உருகப் பெரிய சூடு வேண்டும் என்பதால் சீக்கிரம் உருக வைக்கும் சாம்பல், சோடா வகையறாவைக் கூட்டுவார்கள். உருகி வழிந்து ஓடாமல் பிடித்து நிறுத்தக் கொஞ்சம் களிமண். கம்பிப்பதமா, உருட்டுப்பதமா என்று பார்க்கிற அதே கண் இங்கேயும் வேண்டும். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிகாதான். பாட்டிமார் அதில் பாத்திரம் தேய்த்ததும் அந்தக் கரகரப்புக்காகத்தான்.

கண்ணை இதுவரை விட்டுவைத்தேன். வேளார் வேலையில் அது கடைசி. வேண்டுதலுக்காக அய்யனாருக்கு மண்குதிரை செய்துவைக்கும் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துப் புரவி எடுப்பில் முதலில் ஊரார் ஒரு பிடி மண்ணை வேளாரிடம் கொடுப்பார்கள். பிடிமண் என்று பெயர். உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைக்கும் வழக்கம் எனக்கு உடனே நினைவுக்கு வரும். அந்தப் பிடியிலிருந்து குதிரை வளர்கிறது. சுட்டு, வண்ணம் பூசி, எல்லாம் முடிந்த பிறகு கண் திறப்பு. அதுவரை குதிரையைச் சுற்றிப் பிள்ளைகள் விளையாடலாம். கண் திறந்ததும் பெரியவர்களே கொஞ்சம் தள்ளி நிற்கிறார்கள். மண் அதே மண், சூடு ஆறிய ஓடு அதே ஓடு. மாறியது பார்க்கிறவரின் நிலை. முக்கோணத்துக்குக் கோபம் கொடுத்த அந்த 33 பேரின் வேலையைத்தான் ஊரும் செய்கிறது, மேளத்தோடு.

அய்யனார் குதிரையின் காது விறைத்து நிற்கும், கண் பிதுங்கும், கழுத்து வில்லாக நிமிரும், பல் தெரியும். நேர்ந்துகொண்டவர் வந்தது பயத்தோடு: பிள்ளைக்குக் காய்ச்சல், மழை இல்லை, களவு. அவர் விட்டுவிட்டுப் போவது பயமே அறியாத ஒரு மிருகத்தை. தன்னிடம் இல்லாததைச் செய்யச் சொல்லிக் காவலுக்கு நிறுத்துகிறார். கேவனரின் முயல் எதிர்த் திசையில் வேலை செய்கிறது. சபையில் நிமிர்ந்து நிற்கிற மனிதர் வீட்டுக்குள் ஒளித்துவைத்த நடுக்கத்தை அது வெளியே கொண்டுவந்து நிறுத்துகிறது. ஒன்று காவல், ஒன்று வாக்குமூலம். எனக்கு நம்மூர்க் குதிரையைத்தான் கூடப் பிடிக்கும், ஒரு காரணத்துக்காக. அதைப் பாதுகாத்து வைப்பதில்லை. அடுத்த முறை புதுக் குதிரை வரும். பழையது காது உடைந்து, கால் விழுந்து, புல் முளைத்து, ஓட்டுத்துண்டாகி அங்கேயே கிடக்கும். நேற்றைய பயத்துக்குச் செய்த குதிரை நாளைய பயத்துக்கு ஆகாது. மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கலாம், வேண்டுதலில் முடியாது.

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளைச் சொல்லாமல் விட்டால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே கல்லூரி உள்ள ஊர். அங்கே யானையும் பசுவும் மயிலும் அச்சில் வருகின்றன. தண்ணீராகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவார்கள். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச, சுவரோரத்தில் மண் ஒரு தோலாகப் படியும். வேண்டிய தடிமன் வந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். ஆப்பச்சட்டியில் மாவை ஊற்றி ஒரு சுழற்றுச் சுழற்றுகிறோமே, ஓரத்தில் ஒட்டினது முறுகலாக நிற்கிறதே, அதே கணக்கு. இங்கே ஓட்டை தனியாகப் போட வேண்டியதில்லை, ஊற்றிக் கொட்டிய வாயே ஓட்டை. ஆயிரம் யானை வந்தாலும் ஆயிரமும் ஒரே மாதிரி சிரிக்கும் என்பதுதான் அச்சின் குறை. ஆனாலும் அச்சிலிருந்து எடுத்த ஈரத்தில், தும்பிக்கையை ஒரு நூலளவு நெம்பிவிடுகிற விரல் இருந்தால், ஒரு யானை மட்டும் கொஞ்சம் சலித்துக்கொண்டு நிற்கும். கடையில் அதைத் தேடி எடுங்கள்.

வீட்டுக்கு வந்து, கொலுப்படியில் வைக்கும் முன் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் துளை இருக்கும்.